விக்கா, சடங்கு, மந்திரவினை: டர்பனில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பு முடிந்து பாய் சுருட்டும் நேரத்தில் யாராவது ஒருவர் தயங்கி நிற்பார். "அக்கா, ஒன்று கேட்கலாமா?" என்பார். பல நேரம் அது இலக்கணச் சந்தேகமாக இருக்காது. வீட்டில் காமாட்சி விளக்கும் ஏற்றுகிறேன், விக்கா நெறியின் பருவச் சடங்குகளையும் இருபது ஆண்டுகளாகச் செய்து வருகிறேன் என்பது அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டதில், எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன்.

விக்கா என்றால் பில்லி சூனியம்தானே அக்கா?

இல்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் உருவான ஒரு சமய நெறி அது. ஒரு பெண் தெய்வம், ஓர் ஆண் தெய்வம், ஆண்டுக்கு எட்டுப் பருவ விழாக்கள், நிலவை ஒட்டிய வழிபாடு ஆகியவைதாம் அதன் உடம்பு. மந்திரவினை அதில் ஒரு பகுதி மட்டுமே. வினை எதுவும் செய்யாமல் விழாக்களை மட்டும் கொண்டாடும் விக்கர்களும் உண்டு.

அதை வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர் ஜெரால்ட் கார்ட்னர். இளமையில் இலங்கைத் தோட்டங்களில் வேலை பார்த்து, பிறகு மலாயாவில் சுங்க அதிகாரியாக இருந்தவர். இங்கிலாந்தில் 1735-ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951-இல் நீக்கப்பட்டது. 1954-இல் அவர் இந்த நெறியைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். சடங்கு வாசகங்களுக்குக் கவிதையழகு கொடுத்தவர் அவரோடு பணியாற்றிய டோரீன் வாலியன்டே என்ற பெண்மணி. ஆகவே "மாறாமல் வந்த ஆயிரமாண்டு மரபு" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பழைய நூல்களைப் பிரித்தெடுத்து நெய்த புதுத்துணி அது. புதிது என்பதால் எனக்கு அதன்மேல் மதிப்புக் குறையவில்லை.

சடங்கு, மந்திரம், செய்வினை, வேண்டுதல் எல்லாம் ஒன்றுதானா?

நம் மொழியில் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் இருப்பது பெரிய வசதி. ஒரு செயலை வரிசையோடும் மனக்குவிப்போடும், அதற்கென ஒதுக்கிய நேரத்தில் செய்வது சடங்கு. அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதும் சடங்கு, முழுநிலவன்று முற்றத்தில் விளக்கு வைத்து அமர்வதும் சடங்கு. அதில் எதையும் கேட்க வேண்டும் என்பதில்லை. தெய்வத்திடம் கேட்பது வேண்டுதல். கேட்டது கிடைத்தபின் காவடி எடுப்பது நேர்த்திக்கடன்.

மந்திரவினையில் கேட்பதோடு நிற்பதில்லை. ஒரு குறிப்பிட்ட விளைவை மனத்தில் வைத்து, பொருளாலும் சொல்லாலும் செயலாலும் அதை நோக்கித் தன் விருப்பத்தைச் செலுத்துகிறோம். அந்த வினை பிறருக்குத் தீங்காகும்போது நம் ஊரில் அதற்குச் செய்வினை, ஏவல் என்று பெயர். இங்கே "வினை" என்று நான் எழுதும் இடங்களில் தீங்கில்லாத முதல் வகையையே சொல்கிறேன்.

முதல்முறை செய்ய என்னென்ன வாங்க வேண்டும்?

ஒன்றும் வேண்டாம். விக்கா நூல்களில் அத்தாமே என்னும் கருப்புப்பிடிக் கத்தி, கோல், கிண்ணம், ஐந்துமுனை விண்மீன் பொறித்த தட்டு என்று பட்டியல் இருக்கும். கத்தியின் வேலை திசை காட்டுவது. எதையும் வெட்டுவது இல்லை. அந்த வேலையை உங்கள் ஆள்காட்டி விரல் செய்யும். கிண்ணத்துக்குச் சமையலறைச் செம்பு போதும். பெருங்கடைகளில் பெட்டிபெட்டியாக விற்கும் "தொடக்கப் பொதி"களுக்குச் சம்பளத்தைக் கொட்டாதீர்கள்.

மெழுகுவர்த்தி நிற அட்டவணைகளும் அப்படித்தான். பணத்துக்குப் பச்சை என்று எல்லா நூலும் சொல்லும். அமெரிக்க டாலர் பச்சை. நம் கையில் பச்சையாக இருப்பது பத்து ரேண்ட் தாள். நிறம் உங்கள் மனத்தில் எதை எழுப்புகிறதோ அதற்காகத்தான் அது. மங்கலத்துக்கு மஞ்சள் என்று வளர்ந்த பிள்ளைக்கு மஞ்சள்தான் வேலை செய்யும்.

ஒரு எச்சரிக்கை. "சூனியக்காரிகளின் மூலிகை" என்று நூல்கள் வியந்து எழுதும் ஊமத்தை இங்கே காலி மனைகளில் களையாக வளர்கிறது. சிவனுக்குச் சாத்துவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விதை உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. எங்கள் பக்கத்தில் வேப்பிலைக்குப் பதிலாகச் சிறிங்கா இலை கட்டும் வீடுகள் உண்டு. அதன் பழமும் நஞ்சு. எந்தச் செடியையும் குடிக்கவோ உண்ணவோ வேண்டாம்.

ஒரு சடங்கு எந்த வரிசையில் நடக்கும்? ஒன்றைச் சொல்லிக் காட்டுங்கள்.

விக்காவின் பொது வரிசை இது. இடத்தையும் உடலையும் தூய்மை செய்தல், வட்டம் இடுதல், நான்கு திசைகளையும் அவற்றுக்குரிய காற்று, நெருப்பு, நீர், மண் ஆகிய பூதங்களையும் அழைத்தல், தெய்வங்களை அழைத்தல், வந்த காரியத்தைச் செய்தல், சிறிது உண்டு பருகுதல், அழைத்த எல்லோருக்கும் நன்றி சொல்லி அனுப்புதல், வட்டத்தை அவிழ்த்தல். நம் பூசையில் சங்கல்பம், ஆவாகனம், நைவேத்தியம் என்று வருவதோடு ஒப்பிட்டால் எலும்புக்கூடு உடனே விளங்கும். பெரிய வேறுபாடு வட்டம்தான். நமக்குக் கோவில் நிலையாக நிற்கிறது; விக்கர்கள் ஒவ்வொரு முறையும் கோவிலைக் கட்டி, முடிந்ததும் கலைத்துவிடுகிறார்கள்.

சென்ற ஆண்டு செவிலியர் படிப்பில் இருந்த ஒரு பெண் தேர்வுக்கு முந்தின இரவு என் வீட்டுக்கு வந்தாள். கை நடுங்கியது. மூன்று தீக்குச்சிகள் ஒடிந்தன, நான்காவதுதான் பற்றியது. ஒரு சிட்டிகை உப்பைத் தண்ணீரில் கரைத்து நெற்றியிலும் இரண்டு கைகளிலும் தடவிக்கொண்டாள். உப்புத் தண்ணீரைத் தெளித்தபடி என் பின்கட்டின் சிமென்ட் தரையைச் சுற்றி வந்தாள். அமர்ந்து, "படித்தது தேவையான நேரத்தில் நினைவுக்கு வரட்டும்" என்று ஒரு தாளில் எழுதினாள். முதலில் "தொண்ணூறு மதிப்பெண் வேண்டும்" என்று எழுதி, தானே அடித்துவிட்டு மாற்றினாள். அந்த அடித்தலில்தான் சடங்கு நடந்தது என்று நான் நினைக்கிறேன். தாளைப் பழைய பித்தளைக் குண்டானில் எரித்து, சாம்பல் ஆறும்வரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு ரொட்டித் துண்டை இருவரும் பகிர்ந்து தின்றோம். நன்றி சொல்லி, வந்த வழியே திரும்பச் சுற்றி வட்டத்தை அவிழ்த்தாள். எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம்.

உண்பதை விட்டுவிடாதீர்கள். தலை மிதப்பது போன்ற நிலையிலிருந்து காலைத் தரையில் ஊன்றவைப்பது அதுதான். எரிப்பதை வீட்டுக்கு வெளியே, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு செய்யுங்கள். எரியும் திரியை விட்டு எழுந்து போகாதீர்கள்.

நூலில் சாம்ஹைன் அக்டோபர் 31 என்று இருக்கிறது. அப்போது இங்கே வசந்தம், ஜக்கராண்டா மரம் பூத்திருக்கிறதே?

சரியாகப் பிடித்தீர்கள். சாம்ஹைன் முன்னோரை நினைக்கும் விழா. அறுவடை முடிந்து குளிர் இறங்கும் காலத்துக்கு உரியது. அந்த நூல்கள் வட அரைக்கோளத்தில் எழுதப்பட்டவை. தென்னாப்பிரிக்காவில் பெரும்பாலான விக்கர்கள் ஆண்டுச் சக்கரத்தை ஆறு மாதம் திருப்பிவைக்கிறார்கள். சாம்ஹைன் ஏப்ரல் இறுதி அல்லது மே முதல் நாள். மிக நீண்ட இரவின் விழாவான யூல் ஜூன் 21-ஐ ஒட்டி. மற்ற ஆறு பருவ விழாக்களில் இம்போல்க் ஆகஸ்ட் தொடக்கம், ஒஸ்டாரா செப்டம்பர் 22 அளவில், பெல்டேன் அக்டோபர் 31, லித்தா டிசம்பர் 21 அளவில், லூனசா பிப்ரவரி தொடக்கம், மேபன் மார்ச் 21 அளவில்.

வடக்கின் தேதிகளையே பிடித்துக்கொள்பவர்களும் சிலர் இருக்கிறார்கள். உலகெங்கும் ஒரே நாளில் செய்கிறோம் என்ற உணர்வு அவர்களுக்கு முக்கியம். எனக்கு அது ஒட்டவில்லை. ஜூன் மாதம் மாலை ஐந்தைத் தாண்டியதும் டர்பனில் சூரியன் மறைந்துவிடுகிறது. அந்த இருட்டில் விளக்கேற்றி ஒளி திரும்ப வேண்டும் என்று சொல்லும்போது நெஞ்சு அதை ஒப்புக்கொள்கிறது. டிசம்பரில் வியர்வை வழிய அதே வாசகத்தைச் சொன்னால் வாய் மட்டுமே சொல்லும்.

அப்படியானால் பொங்கலையும் ஆடிக்கூழையும் நம் ஆட்கள் ஏன் திருப்பவில்லை?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிவந்த ட்ரூரோ கப்பல் டர்பனை அடைந்தது. அதில் வந்தவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் மாதங்களை அப்படியே சுமந்து வந்தார்கள். அங்கே "ஆடிப்பட்டம் தேடி விதை". இங்கே ஆடி என்பது மழையற்ற குளிர்காலம். இருந்தும் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சுவது ஆடியில்தான்.

பொங்கலுக்குக் காரணம் சொல்வது எளிது. தை பிறப்பது சூரியன் வடக்கு நோக்கிச் செல்வதைக் குறிக்கிறது. சூரியன் நகரும் திசை எந்த ஊரிலிருந்து பார்த்தாலும் ஒன்றுதான். இங்கே அதற்குப்பின் பகல் குறைகிறது என்பது மட்டுமே வேறுபாடு. ஆடிக்கு அப்படி வானத்துக் காரணம் சொல்ல முடியாது. கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தத்தில் கட்டுண்டு கிடந்தவர்களுக்கு, ஊரில் அம்மா கூழ் ஊற்றும் அதே நாளில் தானும் ஊற்றுவதுதான் ஊரோடு மிஞ்சியிருந்த ஒரே கயிறு என்று நான் நம்புகிறேன். விக்கா பருவத்தைக் கொண்டாடுகிறது, ஆகவே திருப்ப வேண்டும். நம் ஆடிக்கூழ் உறவைக் கொண்டாடுகிறது. அதைத் திருப்ப எனக்கு மனம் இல்லை.

வட்டம் இடும்போது வலமாகச் சுற்றுவதா, இடமாகவா?

நூல்கள் "சூரியன் போகும் திசையில்" என்று சொல்லும். வடக்கே அது கடிகார முள்ளின் திசை. டர்பனில் கிழக்கே எழும் சூரியன் வடக்கு வானத்தின் வழியாக மேற்கே போகிறது; நண்பகலில் நம் நிழல் தெற்கே விழுகிறது. ஆகவே இங்கே சூரியனோடு சுற்றுவது என்றால் கடிகாரத்துக்கு எதிர்த்திசை. இங்குள்ள விக்கர்கள் பலர் அப்படித்தான் சுற்றுகிறார்கள்.

ஆனால் நமக்குக் கோவிலை வலம் வந்து பழகிய கால். இடமாகச் சுற்றுவது சாவு வீட்டில்தான். ஒருமுறை ஓர் அக்கா இடப்பக்கம் இரண்டடி வைத்து நின்றுவிட்டார். கொள்ளிக்குடம் தூக்கிய தம் அப்பாவின் நினைவு வந்துவிட்டது. அவரை மறுபடியும் இடமாகச் சுற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வலம் வருவதற்குச் சூரியன் மட்டுமே காரணம் அல்ல. தெய்வத்தை வலக்கைப் பக்கம் வைத்து மதிப்பதும் காரணம். அது எந்த அரைக்கோளத்திலும் மாறாது. தமிழ் வீட்டில் வளர்ந்தவர் வலமாகவே சுற்றுங்கள் என்பது என் முடிவு.

திசைகளையும் கண்ணால் பார்த்து வையுங்கள். நூலில் நெருப்புக்குத் தெற்கு, நீருக்கு மேற்கு. இங்கே வெயில் வடக்கிலிருந்து விழுகிறது, இந்தியப் பெருங்கடல் கிழக்கே கிடக்கிறது. நான் நெருப்பை வடக்கிலும், நீரைக் கிழக்கிலும், டிராக்கன்ஸ்பர்க் மலைகள் நிற்கும் மேற்கில் மண்ணையும், குளிர்காற்று வரும் தெற்கில் காற்றையும் அழைக்கிறேன். ஆகாயத்துக்கு நடு.

நிலவுக்கும் இதே குழப்பமா?

நாட்களில் இல்லை. வளர்பிறையும் தேய்பிறையும் உலகெங்கும் ஒன்றே. தோற்றம் மட்டும் தலைகீழ்: வடக்கத்தி நூல் வளர்பிறைக்கு வலப்பக்கம் ஒளிரும் என்று படம் போட்டிருக்கும், இங்கே இடப்பக்கம் ஒளிரும். சென்னைப் பஞ்சாங்கத்தில் திதி முடியும் நேரத்திலிருந்து மூன்றரை மணி நேரம் கழித்தால் டர்பன் நேரம். ராகுகாலம் போலச் சூரிய உதயத்தை வைத்துக் கணிப்பவற்றுக்கு இந்தக் கழித்தல் ஒத்துவராது. டர்பனின் உதய நேரத்தை வைத்தே கணக்கிட வேண்டும்.

ஆயா உப்பு மிளகாய் சுற்றிப் போடுவதும் மந்திரவினைதானே?

மேலே இரண்டாம் கேள்வியில் சொன்ன அளவுகோலை வைத்துப் பாருங்கள். பொருள் இருக்கிறது, செயல் இருக்கிறது, "ஊர்க்கண், உறவுக்கண்" என்று சொல்லும் இருக்கிறது, கண்ணேறு நீங்க வேண்டும் என்ற விளைவும் இருக்கிறது. ஆயா ஒருபோதும் அதை அந்தப் பெயரால் அழைக்கமாட்டார், அழைக்கச் சொல்லவும் கூடாது. ஆனால் பணம் கட்டி இணையத்தில் "பாதுகாப்பு வினை" கற்கும் முன், அவர் எத்தனை முறை சுற்றுகிறார், எந்தத் திசை பார்த்து உட்காரவைக்கிறார், ஏன் பேசாமல் போய் அடுப்பில் போடுகிறார் என்று கேட்டு எழுதிவையுங்கள். என் ஆயா போனபின் கேட்க எனக்கு நூறு கேள்விகள் இருக்கின்றன.

புகைக்கு இம்பெபோ எரிக்கலாமா? வெள்ளை சேஜ் கிடைக்கவில்லை.

வெள்ளை சேஜ் கலிபோர்னியாப் பக்கத்துச் செடி. அங்குள்ள பழங்குடியினருக்குப் புனிதமானது. காட்டில் அளவு மீறிப் பறிக்கப்படுகிறது. அது இங்கே வர வேண்டிய தேவையே இல்லை. இம்பெபோ நம் மண்ணின் செடி, டர்பன் வார்விக் சந்திப்பின் மூலிகைச் சந்தையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். ஆனால் சூலு மக்களுக்கு அது முன்னோரை, அதாவது அமட்லோசியை, அழைக்கும் புகை. வீட்டை நறுமணமாக்கும் பொருளாக அதைக் கருத வேண்டாம். சங்கோமா, அதாவது முன்னோர் அழைப்பால் குறிசொல்லி வைத்தியம் செய்பவர், ஆவதற்கு உக்குத்வாசா என்ற கடுமையான பயிற்சி உண்டு. அந்த அழைப்பு வராத நாம் அவர்களின் சடங்கை நடிக்கக் கூடாது. விற்கும் அம்மாவிடம் மரியாதையாகக் கேளுங்கள், சொல்லித்தருவார்.

நமக்குச் சாம்பிராணி இருக்கிறது. வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் எந்தப் புகையும் வேண்டாம். உப்புத் தண்ணீரே போதும்.

என்னை விட்டுப் போனவரைத் திரும்ப வரவைக்க வினை இருக்கிறதா?

நூல்களில் இருக்கிறது. நான் செய்யமாட்டேன், சொல்லித்தரவும் மாட்டேன். "யாருக்கும் தீங்கில்லையெனில் உன் விருப்பப்படி செய்" என்பது விக்காவின் அடிப்படை வாக்கு. ஒருவர் மனத்தை அவர் அறியாமல் வளைக்க முயல்வது தீங்குதான். அனுப்பியது மும்மடங்காகத் திரும்பும் என்ற நம்பிக்கையும் விக்கர் பலரிடம் உண்டு. எனக்கு அந்தப் பயமுறுத்தல் தேவைப்படவில்லை. உங்களை யாராவது அப்படிக் கட்டிவைத்தால் என்ன உணர்வீர்கள் என்று எண்ணிப்பாருங்கள். உங்கள் துயரம் ஆறுவதற்கான வினையைக் கேட்டால், நான்காம் கேள்வியின் வரிசையே போதும். தாளில் எழுதும் வரி மட்டும் மாறும்.

யாரோ எனக்குச் செய்வினை வைத்திருக்கிறார்கள். யார் என்று சொல்வீர்களா?

சொல்லமாட்டேன். யாரிடமும் கேட்கவும் வேண்டாம். இந்த நாட்டில் "இவள்தான் சூனியக்காரி" என்ற ஒரு சொல் உயிரை எடுத்திருக்கிறது. இன்று லிம்போபோ எனப்படும் வட மாகாணத்தில் அப்படி நடந்த கொலைகளை ஆராய 1995-இல் பேராசிரியர் ரலுஷாய் தலைமையில் ஆணையம் அமைத்தார்கள். அடுத்த ஆண்டு அறிக்கை வந்தது. தனியாக வாழும் வயதான பெண்கள்மேல்தான் இந்தப் பழி எளிதில் விழுகிறது. 1957-ஆம் ஆண்டின் சூனிய ஒடுக்குச் சட்டப்படி ஒருவரை அப்படிச் சுட்டுவதே குற்றம். அதே சட்டம் சூனிய அறிவு உடையவர் என்று தம்மைச் சொல்லிக்கொள்வதையும் குற்றமாக்கியது. 1996 அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு தரும் சமய உரிமைக்கு இது முரண் என்று விக்கர் போன்ற இயற்கை வழிபாட்டு (Pagan) நெறியினர் முறையிட்டதற்கு அதுவே காரணம்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், செய்வினை எடுப்பதாகச் சொன்ன ஒருவருக்குத் தாலிக்கொடியை விற்றுப் பணம் கட்டியது. ஒவ்வொரு முறையும் "இன்னும் ஒரு கட்டு பாக்கி" என்றார் அவர். அந்த வீட்டு அண்ணனுக்கு இருந்தது நீரிழிவு. கால் விரல் போனபிறகுதான் தெரிந்தது. இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. உடம்பு சரியில்லை என்றால் முதலில் மருத்துவர். தூக்கம் இல்லை, குரல்கள் கேட்கின்றன என்றாலும் மருத்துவர்தான். சாமி விளக்கை ஏற்றிவிட்டே போங்கள், ஆனால் போங்கள்.

செய்தேன், நடக்கவில்லை. எங்கே தவறு?

தவறு இருக்க வேண்டும் என்பதில்லை. நான்காம் கேள்வியில் வந்த பெண் தேறினாளா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு பாடத்தில் தவறினாள். மறுபடி எழுதித் தேறினாள். சடங்கு அவளுக்குத் தந்தது அந்த இரவின் தூக்கம் என்று அவளே சொன்னாள். நான் வினையை நம்புகிறேன், ஆனால் அதை விண்ணப்பம் போடாத வேலைக்கும் படிக்காத பாடத்துக்கும் மாற்றாக ஒருபோதும் கண்டதில்லை. ஒரே வினையை நாள்தோறும் திரும்பச் செய்துகொண்டே இருந்தால், அது பதற்றமாகிவிட்டது என்று பொருள். ஒரு மாதம் நிறுத்திவையுங்கள்.

தீட்சை இல்லாமல் செய்யலாமா?

கார்ட்னர் வழிக் குழுக்களில் தீட்சை கட்டாயம். மூன்று படிகள் உண்டு, தீட்சை பெற்றவரே தீட்சை தர முடியும். அந்தப் பெயரை நீங்களாகச் சூட்டிக்கொள்ளக் கூடாது. தனியாகச் செய்யும் விக்கர்கள் இன்று ஏராளம், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். குழுவில் சேர்வதென்றால் கண்ணைத் திறந்துகொண்டு சேருங்கள். தீட்சைக்குப் பெருந்தொகை கேட்டாலோ, உடலைக் கேட்டாலோ, வீட்டாரிடம் பேசக் கூடாது என்றாலோ எழுந்து வந்துவிடுங்கள். வட்டத்தை அவிழ்க்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

என் மகளுக்குப் பதினைந்து வயது. அறையில் மெழுகுவர்த்தியும் கற்களும் வைத்திருக்கிறாள். சாமி அறைப் பக்கமே வருவதில்லை. நான் என்ன செய்ய?

இந்தக் கேள்வியைக் கேட்ட அம்மா என் வாசலில் அழுதார். முதலில், அந்தக் கற்களைத் தூக்கி எறியாதீர்கள். ஒருநாள் மாலை உள்ளே போய், இது என்ன, அது என்ன என்று கேளுங்கள். திரைச்சீலைக்கு அருகே மெழுகுவர்த்தி இருந்தால் தள்ளிவைக்கச் சொல்லுங்கள், அதை மட்டும் கண்டிப்பாக. அவள் யாருக்காவது பணம் அனுப்புகிறாளா, வயதில் மூத்த யாராவது தனியாக அழைக்கிறார்களா என்று பாருங்கள். முந்தைய பதிலில் சொன்ன அடையாளங்கள் இங்கும் பொருந்தும். பதினெட்டு ஆகாத பிள்ளையைப் பெற்றோர் அறியாமல் சேர்க்கும் குழு நல்ல குழு அல்ல.

சாமி அறைக்கு வரச்சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம். இரண்டும் ஒரே கூரையின்கீழ் இருக்கலாம். என் வீட்டில் இருக்கின்றன, தனித்தனி அலமாரியில். அந்த அம்மாவுக்கு நான் சொன்னது, வெள்ளிக்கிழமை விளக்குக்குத் திரி திரிக்க மகளை உதவிக்குக் கூப்பிடுங்கள், வழிபாட்டுக்கு என்று சொல்லாமல். இரண்டு வாரம் வரவில்லையாம். மூன்றாம் வாரம் வந்து, பஞ்சை ஏன் இடக்கையில் பிடிக்கிறீர்கள் என்று கேட்டாளாம்.